கதையில் வராத நாய்

நம்முடைய கதைகளில் நாய்க்குப் பஞ்சமே இல்லை. எஜமான் இறந்த பிறகு சுடுகாட்டைவிட்டு நகராமல் பட்டினி கிடந்து உயிரை விடுகிற நாய் ஒன்று உண்டு. அடித்துத் துரத்திய வீட்டுக்கே திரும்பி வந்து, அந்த வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டுச் சாகிற நாய் ஒன்று உண்டு. மகன் கைவிட்ட கிழவருக்குத் துணையாக இருந்து மகனை வெட்கப்படுத்துகிற நாய் ஒன்று உண்டு. இந்த மூன்றும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது, பெயரை மாற்றிக்கொண்டு, ஏதாவது ஒரு பத்திரிகையில் வந்துவிடுகின்றன. வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் தவறாமல் ஒரு வார்த்தை இருக்கும்: விசுவாசம்.

இந்த வார்த்தையோடுதான் எனக்கு வழக்கு. நாய் விசுவாசமுள்ள பிராணி அல்ல என்று நான் சொல்ல வரவில்லை. தன் மேல் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் நாயை நாலடியார் காட்டியிருக்கிறது. சுவர்க்கத்துக்குள் நாயை விடமாட்டேன் என்று இந்திரன் சொன்னபோது, அப்படியானால் எனக்கும் அது வேண்டாம் என்று தர்மபுத்திரர் வாசலில் நின்றுவிட்டார். பக்திப் பாடல்களில் ‘நாயேன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் பாதிப் பணிவு போய்விடும். இவையெல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால் இவை அத்தனையிலும் நாயைப் பார்க்கிற இடம் ஒன்றேதான். எஜமானின் காலடியிலிருந்து, அல்லது எஜமானின் கண் வழியாக, நாம் அதைப் பார்க்கிறோம். நமக்கு அது என்ன செய்கிறது என்பதே கேள்வி. நம்மைத் தவிர வேறு எதன் பேரிலாவது அதற்குப் பற்று இருக்கக்கூடுமோ என்று நம் எழுத்தாளர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அப்படி ஒரு நாய் உலகத்தில் இருக்கிறது. ஆட்டு மந்தைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, ஆடுகளோடு படுத்து, ஆடுகளோடு எழுந்து, ஆடுகளைக் காக்கிற நாய். ஐரோப்பாவின் மலைகளிலும், துருக்கியிலும், நம் இமயமலைச் சரிவுகளிலும் இந்த வேலைக்கென்றே பெரிய உடம்பும் தடித்த ரோமமும் உள்ள நாய்களைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்துக் கிடையில் அதற்குப் பெரிய உடம்பும் கிடையாது, பெயரும் கிடையாது. வேலை மட்டும் உண்டு.

மேலே போவதற்கு முன் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டை ஓட்டுகிற நாய் வேறு, ஆட்டைக் காக்கிற நாய் வேறு. முதலாவது ஆங்கிலக் கதைகளிலும் சினிமாவிலும் நாம் நிறையப் பார்த்தது. இடையன் சீழ்க்கையடித்தால் வலப்பக்கம் ஓடும், கையைக் காட்டினால் இடப்பக்கம் ஓடும். தாமஸ் ஹார்டி 1874-ல் எழுதிய நாவலில் கேப்ரியல் ஓக் என்ற இடையனுக்கு அப்படிப்பட்ட இளம் நாய் ஒன்று இருந்தது. ஆட்டைத் துரத்துவதுதான் தன் உத்தியோகம் என்றால், அதிகம் துரத்தினால் அதிக நன்மை என்று அது கணக்குப் போட்டுவிட்டது. ஓர் இரவில் 200 ஆடுகளையும் பள்ளத்தில் தள்ளிவிட்டு, விடிந்தபோது மேட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது. அன்று மத்தியானமே அதைச் சுட்டுவிட்டார்கள். ஹார்டியின் கசப்பான ஹாஸ்யம் அது. அந்த நாயிடமும் விசுவாசத்துக்குக் குறைவில்லை. உத்தரவில் அதற்கு அவ்வளவு பக்தி.

காக்கிற நாய் யார் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. அது எப்படி உருவாகிறது என்பதை நான் படித்தவற்றுள் மிக நன்றாகச் சொல்லியிருப்பவர் ஒரு கதாசிரியர் அல்ல, சார்லஸ் டார்வின். 1833-ல் தென் அமெரிக்காவில் இன்றைய உருகுவே நாட்டில் ஒரு பண்ணையில் தங்கியபோது பார்த்ததையும் கேட்டதையும் தன் பிரயாணப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். மிகச் சிறு பருவத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். ஒரு பெண்ணாட்டைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு மூன்று நான்கு தடவை அதனிடம் பால் குடிக்கவிடுகிறார்கள். ஆட்டுப் பட்டியிலேயே கம்பளி ரோமத்தில் அதற்குப் படுக்கை. மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் அது சேரவே கூடாது. வளர்ந்த பிறகு, வீடு வாசல் எதுவும் கண்ணுக்குத் தெரியாத வெளியில், மனிதர் யாருமில்லாமல், ஒன்றிரண்டு நாய்கள் பெரிய மந்தையைக் காத்துக்கொண்டிருக்கும். அந்நியன் வந்தால் நாய் முன்னே வந்து குரைக்கும்; ஆடுகள் அதன் பின்னால் நெருங்கிக்கொள்ளும், கிழட்டுக் கிடாவின் பின்னால் சேருவதைப் போல.

இத்தோடு டார்வின் நிறுத்தியிருந்தால் அது வெறும் தகவல். அவர் இன்னொன்றையும் பார்த்தார். இந்த நாய் தினமும் ஒரு தடவை பண்ணை வீட்டுக்கு இறைச்சித் துண்டுக்காக வரும். கொடுத்ததைக் கவ்விக்கொண்டு, ஏதோ வெட்கப்பட்டதைப் போலப் பதுங்கிப் பதுங்கிப் போகும். அப்போது வீட்டு நாய்களுக்கு ஒரே குதூகலம். இருப்பதில் சின்னதுகூட அதைத் துரத்திக்கொண்டு ஓடும். அதுவும் ஓடும். ஆனால் மந்தையை எட்டிய அந்தக் கணமே திரும்பி நின்று குரைக்கும். வீட்டு நாய்கள் அத்தனையும் வந்த வழியே ஓட்டம் பிடிக்கும்.

ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டிப்பது என்றால் இதுதான். தைரியம் என்பது அந்த நாயின் உடம்புக்குள் இருக்கும் ஒரு வஸ்து அல்ல. அது யார் மத்தியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வருகிறது, போகிறது. முற்றத்தில் கோழை, மந்தையில் வீரன். இரண்டும் ஒரே நாய், ஒரே மத்தியானம். நம் எழுத்தாளர் ஒருவர் கையில் இந்தச் சங்கதி கிடைத்திருந்தால், அது பண்ணைக்காரரைப் புலியிடமிருந்து காப்பாற்றியிருக்கும் என்று எனக்குப் பயம்.

உலகத்துப் பெரிய இலக்கியங்களிலும் இந்த ஓரவஞ்சனை உண்டு. ஆனால் பிழை எழுதியவரிடம் இல்லை, படிக்கிற நம்மிடம். ஹோமரின் ஒடிஸியில் வரும் நாய் எது என்று கேட்டால், படித்தவர்கள் எல்லோரும் ஆர்கஸ் என்பார்கள். இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வரும் எஜமானைக் கண்டுகொண்டு, குப்பைமேட்டில் கிடந்தபடியே வாலை ஆட்டிவிட்டு உயிரை விடுகிற வேட்டை நாய். ஒடிஸியஸ் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான், நாமும்தான். ஆனால் அதற்கு மூன்று சர்க்கங்கள் முன்னால் வேறு நான்கு நாய்கள் வருகின்றன. பன்றி மேய்க்கும் யூமேயஸ் தன் பட்டியைக் காக்க வளர்த்த நாய்கள். காட்டு மிருகங்களைப் போன்றவை. ஊருக்கு ராஜா திரும்பி வருகிறான். அந்தப் பன்றிகளும் பட்டியும் அவனுடைய சொத்து. நான்கும் குரைத்துக்கொண்டு அவன் மேலே பாய்கின்றன. ராஜா கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். யூமேயஸ் ஓடி வந்து கல்லால் எறிந்து விரட்டியிராவிட்டால் காவியம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆர்கஸ் விசுவாசத்தின் சிகரம். சரி. ஆனால் அன்றைக்கு இதாகா தீவில் தங்கள் வேலையைச் செய்தவை அந்த நான்குதான். சொத்து யாருடையது என்று அவை கேட்கவில்லை. பட்டியை நோக்கி ஓர் அந்நியன் வருகிறான் என்பது போதுமாக இருந்தது. ஹோமர் இரண்டையும் எழுதினார். நாம் ஒன்றை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டோம். எஜமானைக் கண்டுகொண்டது நமக்கு வேண்டியிருக்கிறது. எஜமானையே தடுத்தது நமக்கு வேண்டியதில்லை.

ரோமாபுரியில் வார்ரோ என்ற பண்டிதர் கி.மு. 37-ல் விவசாயத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு சின்ன சம்பவம் இருக்கிறது. ஒருவர் அம்ப்ரியா பிரதேசத்தில் ஆட்டு மந்தைகளை விலைக்கு வாங்கினார். பேரத்தில் நாய்களும் சேர்த்தி. இடையர்கள் சேர்த்தி இல்லை. மந்தையைத் தெற்கே தொலைதூரம் கொண்டுபோய்விட்டுவிட்டு இடையர்கள் ஊர் திரும்பினார்கள். சில நாளில் நாய்களும் பின்னாலேயே கிளம்பிவிட்டன. பல நாள் பிரயாணத் தூரம். வழியில் கிடைத்ததைத் தின்றுகொண்டு, பழைய இடையர்களிடமே வந்து சேர்ந்தன. என் வாதத்துக்கு இது விரோதம்போலத் தோன்றும். நாய்கள் ஆட்டைவிட்டு மனிதனைத் தேடி அல்லவா போயின? ஆனால் எந்த மனிதனை? பணம் கொடுத்தவனை அல்ல. விற்றவனையும் அல்ல. மழையிலும் பனியிலும் கூடப் படுத்திருந்தவனை. கிரயப் பத்திரம் நாய்க்குத் தெரியாது. கூட இருந்தவன் யார் என்பது மாத்திரம் தெரியும்.

இனி நம் பக்கம் வருவோம். முல்லை நிலத்தையும் இடையனையும் பாடாத சங்கத் தொகை இல்லை. இடைக்காடனார் அகநானூற்றின் 274-ஆம் பாட்டிலும் நற்றிணையின் 142-ஆம் பாட்டிலும் ஒரே இடையனை இரண்டு தடவை வரைந்திருக்கிறார். தூறலில் கோலை ஊன்றித் தனியாக நிற்கிறான். நாக்கை மடித்துச் சீழ்க்கையடிக்கிறான். ஒரு பாட்டில் அந்த ஒலிக்குத் துள்ளும் குட்டியின் மேல் கண் வைத்திருந்த குள்ளநரி முள்ளுப் புதருக்குள் ஓடி மறைகிறது; இன்னொன்றில் ஆட்டு மந்தை ஒதுங்கி அமைதியாக நிற்கிறது. நரியைச் சொல்கிறார், குட்டியைச் சொல்கிறார், தோலையும் உறியையும்கூடச் சொல்கிறார். நாய் இல்லை. தனிமையே அங்கே வேண்டிய பாவம் என்பதால் புலவர் நாயை விட்டிருக்கலாம். அது அவர் உரிமை. பெரும்பாணாற்றுப்படையில் நாய் வருகிறது. எயினர் வீட்டு வாசலில், சங்கிலியில். வேட்டைக்கும் வாசலுக்கும் நாய் உண்டு. மந்தைக்கு நாய் அந்தப் பாட்டுகளில் அகப்படவில்லை.

ஆனால் ஒரு கல் அகப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய் மாண்டான் என்று கல் சொல்கிறது. வீரனின் பின்னால் ஒரு நாய் செதுக்கியிருக்கிறது. அந்த நாய்க்குத் தனியாக ஒரு வாசகம். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் பொருள். எஜமானுக்காக அழுதது என்று இல்லை. சமாதியில் கிடந்தது என்று இல்லை. கடித்தது, காத்து நின்றது; அவ்வளவுதான். மந்தை ஆட்டு மந்தை அல்ல, எருமை மந்தை. ஆனால் வேலை அதே வேலை. கருந்தேவகத்தி விழுந்த பிறகும் காவல் விழவில்லை என்று நான் அதை வாசிக்கிறேன். பல்லவர் காலத்து ஊர்க் கல்தச்சன் ஒருவனுக்கு இருந்த நிதானம், 1,400 ஆண்டுகள் கழித்துக் கதை எழுத வந்த நமக்கு இல்லை.

நான் இருப்பது பத்மநாபபுரத்தில், கோட்டைச் சுவருக்கு உள்ளே. கும்பப்பூ அறுவடை முடிந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கேயிருந்து ஆட்டுக்காரர்கள் வருவார்கள். வெறும் வயலில் ராத்திரிக்குக் கிடை மறிப்பார்கள்; புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், இடையனுக்குக் கூலி. தோவாளைப் பக்கம் அப்படி ஒரு கிடையில், வலைக்கு வெளியே அல்ல, உள்ளேயே, ஆடுகளுக்கு நடுவில் புழுதி நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றின் மேல் தலையை வைத்துக்கொண்டு ஒரு குட்டி ஆடு தூங்கிக்கொண்டிருந்தது. நாயின் பெயர் என்ன என்று ஆட்டுக்காரரிடம் கேட்டேன்.

“பேரு என்னத்துக்கு அண்ணாச்சி? கூப்பிட்டாத்தானே பேரு வேணும். அது எங்கயும் போகாதே” என்றார்.

“நரி வருமா?”

“நரி எங்க இருக்கு இப்பம்? ஊர்நாயிதான் வருது. கூட்டமா வந்துரும்.”

“நாயைத் தடுக்க நாயா?”

“இது எங்க நாயி? ஆட்டுப் பால் குடிச்சு வளந்தது. ஆடுன்னே வச்சுக்கிடுங்க.”

டார்வினைப் படிக்காத மனிதர். ஆனால் இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே அரண்மனையைப் பார்க்க நித்தியம் ஜனங்கள் வருகிறார்கள். மூலிகை மரக் கட்டில், பூமுகத்துக் கூரையில் செதுக்கிய பூக்கள், ஊட்டுப்புரை எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். கருங்கல் கோட்டை மேல் எத்தனை ஆயிரம் ராத்திரி எத்தனை பேர் ஒன்றும் நடக்காமல் விழித்து நின்றார்கள் என்பதைக் காட்ட வழியில்லை. நடந்த யுத்தத்துக்குத் தேதி உண்டு. நடக்காமல் தடுத்த யுத்தத்துக்கு என்ன தேதி போடுவது? காவலைப் பற்றிய சங்கடமே இதுதான். சரித்திரத்துக்கு உள்ள இதே சங்கடம்தான் கதைக்கும்.

நம் பழமொழிகளையே பாருங்கள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்கிறோம். கிடை நாய்க்கு நிற்பதுதான் வேலை. வைக்கோற்போர் நாய் என்று ஒருவரைத் திட்டுகிறோம். தானும் தின்னாது, தின்கிற மாட்டையும் விடாது. ஆட்டு மந்தைக்கு நடுவில் இருந்துகொண்டு தானும் தின்னாமல், தின்ன வருபவனையும் விடாமல் இருப்பதற்கு வேறு பெயர் காவல் அல்லவா? பழமொழி வீட்டு நாயையும் தெரு நாயையும் பார்த்துப் பிறந்தது. கதையும் அங்கேயேதான் நிற்கிறது.

நம் கதைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: குணத்தைப் பிறப்பில் தேடுவது. கதாநாயகன் வீட்டில் இருப்பது ‘ஜாதி நாய்’. வில்லன் வீட்டில் இருப்பதும் அதுவே, கொஞ்சம் பெரியது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலை வெளியிட்டார்கள். அந்த நாய்களைக் காப்பாற்ற வேண்டியதுதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கிடை வேறொன்றைச் சொல்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1965-ல் வெளியிட்ட புத்தகத்தில், நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் இனமாக எண்ணப் பழகிக்கொள்கிறது என்று காட்டினார்கள். அமெரிக்காவில் நவஹோ பழங்குடி இடையர்கள் எந்த ஜாதியும் இல்லாத கலப்பு நாய்களையே குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்த்து மந்தை காப்பதை 1985-ல் வேறு இரண்டு பேர் ஆராய்ந்து எழுதினார்கள். இனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பங்கு முழுவதும் இனத்துடையது அல்ல.

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2024-லும் 2025-லும் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடினார்கள். ஓர் ஆட்டின் விலை ஒரு ஏழைக் குடும்பத்துக்கு என்ன என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடித்த நாயும் காக்கிற நாயும் ஒரே நாட்டு நாய்தான். ஒரே வயிற்றில் பிறந்திருக்கவும் கூடும். ஒன்று ஆட்டுக் குட்டியின் பக்கத்தில் கண் விழித்தது. மற்றது இறைச்சிக் கழிவின் பக்கத்தில் கண் விழித்தது. பிறவிக் குணம், ரத்தம், பரம்பரை என்று எழுதிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் இடைஞ்சலான செய்தி. நாயைப் பற்றி மட்டும் இடைஞ்சல் இல்லை.

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நம் பிராணிக் கதைகளில் தலைசிறந்தது. அதில் காரி என்ற காளை ஜமீன்தாரின் கௌரவத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. பிடிபட்டதும் ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். பிராணியை எஜமானின் கண்ணாடியாக வைப்பது எவ்வளவு பயங்கரமான காரியம் என்பதைச் செல்லப்பா அந்த ஒரு குண்டில் சொல்லிவிட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த பலர் குண்டை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நாய் எஜமானின் நல்ல மனசைக் காட்டுகிறது, அல்லது கெட்ட மனசைக் காட்டுகிறது. தன் மனசை எப்போது காட்டும்?

இது நாயோடு நிற்கிற குறை என்றால் நான் இத்தனை காகிதத்தைச் செலவழித்திருக்கமாட்டேன். நம் கதைகளில் காக்கிற மனிதர்களுக்கும் இதே கதிதான். ஒரு வீட்டில் நாற்பது வருஷம் சமையல் செய்த கிழவி சாகும்போது, அந்த வீட்டாரிடம் அவள் எத்தனை விசுவாசமாக இருந்தாள் என்று எழுதுகிறோம். அவள் காத்தது வீட்டாரையா, அந்த வீட்டுக் குழந்தைகளையா, தன்னோடு அடுப்படியில் இருந்த இன்னொரு வேலைக்காரியையா என்று கேட்பதில்லை. ராத்திரி வாட்ச்மேன், ஆஸ்பத்திரி ஆயா, விடுதியில் பிள்ளைகளோடு படுத்துறங்குகிற வார்டன் எல்லோரும் யாருக்கோ விசுவாசமானவர்களாகவே வருகிறார்கள். சம்பளம் கொடுப்பவனைப் பார்த்து அவர்கள் வாலாட்ட வேண்டும் என்பதே எழுதாத விதி. யூமேயஸின் நாய்களைப் போல முதலாளியையே வாசலில் நிறுத்துகிற ஒரு வார்டனை நான் தமிழ்க் கதையில் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

ஒன்றும் நடக்காத ராத்திரியை எழுதினால் யார் படிப்பார்கள் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பவம் இல்லாமல் கதை இல்லை. ஆனால் ஆடுகள் விழித்துக்கொள்ளாமல் இருந்தது ஒரு சம்பவம். தூரத்தில் கேட்ட குரைப்பு கிட்டே வராமல் திரும்பியது ஒரு சம்பவம். குட்டி ஆட்டின் தலை நழுவிவிடாதபடி, எழுந்திருக்க வேண்டிய நாய் மெல்ல எழுந்திருக்கிறதே, அதுவும் சம்பவம்தான். இதைப் பார்க்க எழுத்தாளன் கிடையில் ஒரு ராத்திரி இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். எஜமான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இது தெரியாது. அங்கிருந்து பார்த்தால் இறைச்சித் துண்டைக் கவ்விக்கொண்டு வெட்கத்தோடு ஓடுகிற ஒரு கோழை நாய் மட்டும்தான் தெரியும்.